அத்தியாயம் 7: நான்கு மோட்டார், ஒரு லூப்

1907-ஆம் ஆண்டு, பிரான்சின் டூவே நகரம். பிரெகே சகோதரர்களும் பேராசிரியர் சார்ல் ரிஷேயும் சேர்ந்து, நான்கு மூலைகளிலும் சுழலி வைத்த எந்திரம் ஒன்றைத் தரையிலிருந்து கிளப்பிக் காட்டினார்கள். அரை மீட்டருக்குச் சற்று மேலே எழும்பியது. ஆனால் மூலைக்கு ஒருவராக நான்கு பேர் அதைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. தூக்குகிற திராணி எந்திரத்துக்கு இருந்தது. நிற்கிற நிதானம் இல்லை. எந்தப் பக்கம் சரிகிறது என்று உணர்ந்து, அந்தப் பக்கத்து விசையை அந்தக் கணமே கூட்டிக் கொடுக்க அன்றைக்குக் கருவி ஏதும் கிடையாது.

அந்த நான்கு பேர் பார்த்த வேலையைத்தான் இந்த அத்தியாயத்தில் நிரலாக எழுதப் போகிறோம்.

சென்ற அத்தியாயங்களைச் செய்து முடித்தவர்களிடம் இப்போது இருப்பவை: 450 மில்லிமீட்டர் ஃபிரேம், 2212 அளவுள்ள 1000 கேவி மோட்டார் நான்கு, 10 அங்குல ப்ரொப்பல்லர் நான்கு, 30 ஆம்பியர் இஎஸ்சி நான்கு, 3எஸ் 2200 மில்லி ஆம்பியர் மணி லிப்போ பேட்டரி ஒன்று, ஆறு சேனல் ரிமோட்டும் அதன் ரிசீவரும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ. மோட்டார் ஒன்று முழு வேகத்தில் 800 கிராம் அளவுக்குத் தூக்கும். ஆக, எடையைப்போல் மூன்று மடங்கு விசை கையில் இருக்கிறது. எடைக்கு இரண்டு மடங்குக்குக் குறைவாக விசை இருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வராதீர்கள், திரும்பிப் போய் எடையைக் குறையுங்கள். நிரல் எழுதி அந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பறக்க விடுவது மட்டும்தான் ஆசை என்றால் பீட்டாஃப்ளைட் நிரல் ஏற்றிய ரெடிமேட் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு நேரே அத்தியாயம் 9-க்குப் போய்விடலாம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பறப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குத்தான் சொந்தப் பலகை. இதை எழுத வரும் எல்லோரும், பிழையைப் பார்த்துத் திருத்தம் சொல்லும் பிஐடி கணக்கை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அது மொத்தம் பத்து வரி. சொந்தப் பலகையில் கோப்டர் குப்புற விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: எங்கோ ஒரு கூட்டல் குறி கழித்தலாக இருக்கும், அல்லது லூப் நேரத்துக்கு ஓடியிருக்காது. எனவே இங்கே குறிக்கும் நேரத்துக்கும்தான் அதிகப் பக்கங்கள்.

பலகையும் வயரும்

கட்டுப்பாட்டுச் சிப்பாக எஸ்டிஎம்32 வகையைச் சேர்ந்த ‘ப்ளூ பில்’ பலகையை எடுத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 20 கிலோபைட் ராம். ஆர்டுயினோ ஊனோவிலும் முடியும். நெதர்லாந்தின் ஜூப் புரோக்கிங் ஊனோவை வைத்தே முழுக் கோப்டரையும் பறக்கவிட்டு, நிரலையும் பாடத்தையும் பொதுவில் வைத்தார். பிறகு அவரே எஸ்டிஎம்32-க்கும் ஒரு பதிப்பு எழுதினார். ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸில் 4 மில்லி விநாடிக்கு 64,000 கடிகாரத் துடிப்பு. ப்ளூ பில்லில் அதே நேரத்துக்கு 2,88,000. புதிதாக எழுதுகிறவரின் நிரல் சிக்கனமாக இருக்காது, ஆகவே இடம் அதிகமுள்ள வீட்டுக்கே குடிபோவோம்.

சென்சார் எம்பியு-6050. மூன்று அச்சு கைரோவும் மூன்று அச்சு ஆக்சிலரோமீட்டரும் ஒரே சிப்பில். ஐ2சி வழியாக, 400 கிலோஹெர்ட்ஸில் பேசும். இதை ஃபிரேமின் நட்டநடுவில், மெல்லிய ஸ்பாஞ்ச் உள்ள டபுள் சைடு டேப்பில் ஒட்டுங்கள். போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் மோட்டாரின் அதிர்வு நேராக உள்ளே இறங்கும். கெட்டியான ஸ்பாஞ்சை அடுக்கினாலோ சென்சார் தனியாக ஆட ஆரம்பிக்கும். இரண்டு மில்லிமீட்டர் போதும்.

பலகைக்கு 5 வோல்ட் ஒரே ஒரு இஎஸ்சியிலிருந்து வரட்டும். மற்ற மூன்றின் சிவப்பு வயரைப் பின்னிலிருந்து உருவி, டேப் சுற்றி மடக்கிவிடுங்கள். நான்கின் கறுப்பு வயரும் கட்டாயம் இணைய வேண்டும். பேட்டரி வோல்டேஜை அளக்க 10 கிலோ ஓமும் 3.3 கிலோ ஓமும் தொடரில் வைத்தால், முழு சார்ஜில் உள்ள 12.6 வோல்ட் சிப்பின் பின்னுக்கு 3.13 வோல்ட்டாகப் போகும். 3.3-ஐத் தாண்டாது.

முதன்முறை பேட்டரி மாட்டும்போது வயர்மேன்களின் சீரீஸ் லேம்ப் உத்தியைக் கடன் வாங்குங்கள். 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பு ஒன்றை பேட்டரியின் சிவப்பு வயரோடு தொடரில் போட்டு மாட்டினால், எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இஎஸ்சி எரியாது. பல்பு ஒருமுறை மின்னி அணைந்து, மோட்டார்கள் கீச்சென்று ஒலித்தால் வயரிங் சரி.

இனி இந்த அத்தியாயம் முடியும் கட்டம் வரை ப்ரொப்பல்லர்கள் மோட்டாரில் இருக்கக் கூடாது. கழற்றி வேறு அறையில் வையுங்கள். 10 அங்குல இறக்கை விரலை எலும்பு வரை வெட்டும். அது நிரல் பிழையா கைப்பிழையா என்று பார்க்காது.

சென்சாரோடு முதல் பேச்சு

எம்பியு-6050 மின்சாரம் வந்ததும் விழித்துக்கொள்ளாது, தூங்கிக்கொண்டே இருக்கும். 107-ஆம் ரெஜிஸ்டரில் பூஜ்யம் எழுதினால்தான் எழும். அதற்கு முன் 117-ஆம் ரெஜிஸ்டரைப் படித்து அடையாளம் கேளுங்கள். 104 என்று பதில் வந்தால் சரியான சிப். 112 வந்தால் அதன் உறவுக்காரச் சிப்பான 6500. அதுவும் ஓடும், ஆனால் வெப்பநிலைக் கணக்கும் சில வடிகட்டி அமைப்புகளும் வேறுபடும். வேறு ஏதாவது எண் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ வயரைப் பாருங்கள்.

கைரோவின் எல்லையை விநாடிக்கு 500 டிகிரி என்று வைத்தால், சென்சார் தரும் எண்ணை 65.5-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை டிகிரி என்று கிடைக்கும். ஆக்சிலரோமீட்டருக்கு 8 ஜி எல்லை. 4096 என்றால் ஒரு ஜி. மேசைமேல் மட்டமாக வைத்து மேல்கீழ் அச்சைப் படியுங்கள்: 4096-ஐ ஒட்டி வரவேண்டும். புரட்டிக் கவிழ்த்து வைத்தால் அதே எண் கழித்தல் குறியோடு வரவேண்டும்.

26-ஆம் ரெஜிஸ்டரில் உள்ள வடிகட்டியைக் கொஞ்சம் நின்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும்போது நம் இறக்கைகள் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதாவது விநாடிக்கு எழுபது தடவை அளவில் ஓர் அதிர்வு சென்சாரைத் தட்டிக்கொண்டே இருக்கும். வடிகட்டியின் மூன்றாம் நிலை 42 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கைரோ அசைவுகளை அடக்குகிறது, அதற்கு விலையாக 4.8 மில்லி விநாடி தாமதிக்கிறது. ஆறாம் நிலைக்குப் போனால் 5 ஹெர்ட்ஸ். வரைபடத்தில் கோடு வழுவழுவென்று அழகாக இருக்கும், ஆனால் தாமதம் 18.6 மில்லி விநாடி. கோப்டர் சரிந்து முடித்த பிறகு செய்தி வந்தால் அதை வைத்து என்ன செய்வது? மூன்றாம் நிலையில் வைத்து, மீதி அதிர்வை இறக்கையை பேலன்ஸ் செய்து குறையுங்கள். இறக்கையை நடுத்துளையில் தாங்கி நிறுத்தினால் கனமான பக்கம் கீழே இறங்கும். எதிர்ப்பக்கத்து இறக்கையின் முதுகில் சிறு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும்.

கைரோ அசையாமல் இருக்கும்போதும் பூஜ்யம் காட்டாது. ஒவ்வொரு முறை ஆன் செய்ததும் 2000 வாசிப்புகளின் சராசரியை எடுத்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தச் சில விநாடிகளில் கோப்டரைத் தொடக் கூடாது. யாராவது தொட்டார்களா என்று நிரலே பார்க்கட்டும்: வாசிப்புகளில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் அளவு மீறினால் அளவீட்டை முதலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

4 மில்லி விநாடி

லூப் விநாடிக்கு 250 முறை ஓட வேண்டும். சராசரியாக 250 என்பது போதாது. ஒவ்வொரு சுற்றும் மிகச்சரியாக 4 மில்லி விநாடி. கைரோ தருவது வேகம். அதை நேரத்தால் பெருக்கித்தான் கோணம் கிடைக்கிறது. நிரலில் 0.004 என்று எழுதிவிட்டு லூப் சில சமயம் 6 மில்லி விநாடி எடுத்தால், கோப்டர் எங்கே சாய்ந்திருக்கிறது என்பதே உங்கள் நிரலுக்குத் தெரியாது.

சென்சாரிலிருந்து 14 பைட் படிக்க ஐ2சியில் ஏறத்தாழ 0.4 மில்லி விநாடி ஆகும். கணக்குகளுக்கு அதைவிடக் குறைவு. ஆக நேரம் மிச்சம் இருக்கிறது, ஒரு வேலை செய்யாதவரை: சோதனைக்காகத் திரையில் எண்களை அச்சிடுவது. சீரியல் தொடர்பில் 1,15,200 பாட் வேகத்தில் மில்லி விநாடிக்குப் பதினொரு எழுத்துதான் போகும். நாற்பது எழுத்துள்ள ஒரு வரி மூன்றரை மில்லி விநாடியைத் தின்றுவிடும். மேசையில் சரியாக இருந்த நிரல், ‘ஒரே ஒரு வரி’ சேர்த்ததும் கோணல் காட்டுவதன் ரகசியம் இதுதான். அச்சிட்டே ஆகவேண்டும் என்றால் ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை, ஒரே ஒரு எண்.

லூப்பின் நேரத்தை அளக்க எளிய வழி: சுற்று தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, வேலை முடிந்ததும் இறக்குங்கள். லாஜிக் அனலைசரில் பார்த்தால் வேலை எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு என்று கண்ணுக்கு நேரே தெரியும். எந்தச் சுற்றாவது 4 மில்லி விநாடியைத் தாண்டினால் பலகையில் உள்ள எல்இடி எரிந்தே இருக்கும்படி நிரலில் ஒரு வரி போடுங்கள். அந்த எல்இடி எரிந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை.

எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

கைரோவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும், ஆனால் சிறு பிழையும் சேர்ந்து சேர்ந்து கோணம் மெல்ல நழுவும். ஆக்சிலரோமீட்டர் பூமி எந்தப் பக்கம் என்று சொல்லும், நழுவாது. இரண்டையும் கலந்துவிட்டால் போயிற்று என்று எல்லாப் பாடங்களிலும் இருக்கும். சூத்திரமும் எளிது:

கோணம் = 0.98 × (கோணம் + கைரோ வேகம் × 0.004) + 0.02 × ஆக்சிலரோமீட்டர் கோணம்

இதில் 0.98 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். மேசைமேல் கையால் சாய்த்துப் பார்த்தால் இது பிரமாதமாக வேலை செய்யும். பறக்கும்போது கதை வேறு. வலப்பக்கம் சாய்ந்த கோப்டர் வலப்பக்கமாகவே வேகமெடுக்கிறது. ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பை நேரடியாக உணர்வதில்லை. தன்னைத் தாங்கும், தள்ளும் விசைகளைத்தான் உணர்கிறது. மேசைமேல் தாங்குவது மேசை. ஆகாயத்தில் தாங்குவது இறக்கைகளின் உந்துவிசை, அதுவோ எப்போதும் ஃபிரேமுக்கு நேர் மேலே இருக்கிறது. ஆகவே 20 டிகிரி சாய்ந்து வேகமெடுக்கும் கோப்டரில் அந்தச் சென்சார் ‘மட்டமாகத்தான் இருக்கிறோம்’ என்று சாதிக்கும். காற்றின் தடை வளர்ந்த பிறகுதான் உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும்.

எனவே ஆக்சிலரோமீட்டரை மெதுவாகத்தான் நம்ப வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதைக் கணக்கிடலாம்: முதல் எண்ணை லூப் நேரத்தால் பெருக்கி, இரண்டாம் எண்ணால் வகுத்தால், கலவை எத்தனை விநாடியில் ஆக்சிலரோமீட்டர் பக்கம் சாய்கிறது என்று கிடைக்கும். 0.98-க்கு 0.2 விநாடிதான். ஒரு நொடி வேகமெடுத்தாலே கோணம் பொய்யாகிவிடும். 0.9996-க்கு 10 விநாடி. கைரோவில் விநாடிக்கு 0.1 டிகிரி நழுவல் மிச்சமிருந்தால், 10 விநாடிக் கலவையில் ஒரு டிகிரி நிலையான சாய்வாகத் தெரியும்; கோப்டர் ஒரு பக்கமாக மெல்ல நகரும். என் தேர்வு 0.999, அதாவது நாலு விநாடி. இரண்டு தொல்லைகளும் அதில் தாங்கும் அளவுக்குள் இருக்கின்றன.

பலரும் விட்டுவிடும் இன்னொரு திருத்தம்: சாய்ந்த நிலையிலேயே கோப்டர் திரும்பினால் சாய்வு பக்கம் மாறுகிறது. மூக்கை 20 டிகிரி தூக்கிப் பிடித்து, அதே சாய்தளத்தில் வலப்புறமாக 90 டிகிரி திருப்புங்கள். முன்னால் இருந்த உயரம் இப்போது இடப்பக்கத்துக்கு வந்துவிட்டது; பிட்ச் (முன்பின் சாய்வு) பூஜ்யமாகி, வலப்பக்கம் 20 டிகிரி ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) என்று எண் காட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும், அந்தச் சுற்றில் திரும்பிய கோணத்தின் (யா எனும் திரும்பல் வேகம் × 0.004) சைன் மதிப்பைக் கொண்டு ரோலையும் பிட்ச்சையும் பரிமாற வேண்டும். குறி சரியா என்பதற்கு இந்தக் கைச்சோதனைதான் சாட்சி. காகிதத்தில் நிரூபித்ததை நம்பாதீர்கள்.

நால்வருக்கும் பங்கு

இங்கே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் இருக்க வேண்டும். நம் வழக்கம்: வலப்பக்கம் கீழிறங்கினால் ரோல் கூட்டல், மூக்கு உயர்ந்தால் பிட்ச் கூட்டல், மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திரும்பினால் யா கூட்டல். முன்வலது மோட்டாரும் பின்இடது மோட்டாரும் இடஞ்சுழி; மற்ற இரண்டும் வலஞ்சுழி. இடஞ்சுழியாகச் சுற்றும் இறக்கை ஃபிரேமை வலஞ்சுழியாகத் தள்ளும் என்பதால்,

முன்வலது = த்ராட்டில் − ரோல் + பிட்ச் + யா
பின்வலது = த்ராட்டில் − ரோல் − பிட்ச் − யா
பின்இடது = த்ராட்டில் + ரோல் − பிட்ச் + யா
முன்இடது = த்ராட்டில் + ரோல் + பிட்ச் − யா

இந்த நாலு வரிகளையும் அச்சிட்டு வேலை செய்யும் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

இஎஸ்சிக்குப் போகும் துடிப்பு 1000 முதல் 2000 மைக்ரோ விநாடி. ரிமோட்டின் த்ராட்டில் முழுதும் தள்ளினாலும் 1800-க்கு மேல் போகாதபடி வெட்டுங்கள். நான்கு மோட்டாரும் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால், சரியும் பக்கத்துக்குக் கூட்டிக் கொடுக்க மிச்சம் ஏது? அதேபோல் பறக்கும்போது எந்த மோட்டாரும் 1100-க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தரத்தில் நின்றுபோன மோட்டார் மறுபடி கிளம்ப எடுக்கும் நேரத்தில் கோப்டர் புரண்டுவிடும். நான்கு இஎஸ்சிகளுக்கும் ஒரே அடி, ஒரே உச்சம் பதிந்திருக்க வேண்டும்: த்ராட்டிலை முழுதும் தள்ளிவைத்துப் பேட்டரியை மாட்டி, ஒலி கேட்டதும் கீழே இறக்குவது வழக்கமான முறை. டிஷாட் என்ற டிஜிட்டல் சிக்னல் புரியும் இஎஸ்சி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை.

இப்போது இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான சோதனை. இறக்கை இல்லாத மோட்டார்களை மெதுவாக ஓடவிட்டு, ஃபிரேமைக் கையில் தூக்கி வலப்பக்கமாகச் சட்டென்று சாயுங்கள். வலப்பக்கத்து இரண்டு மோட்டாரின் சத்தம் உயர வேண்டும். மூக்கைக் கீழே அழுத்துங்கள். முன்னிரண்டும் உயர வேண்டும். வலஞ்சுழியாகத் திருப்புங்கள், வலஞ்சுழி மோட்டார்கள் இரண்டும் உயர வேண்டும், ஏனென்றால் அவைதான் ஃபிரேமை எதிர்ப்பக்கம் தள்ளும். உங்கள் கை செய்வதை எதிர்ப்பவைதான் சத்தம் போட வேண்டும். அடுத்து ரிமோட்: ரோல் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கத்து மோட்டார்கள் உயர வேண்டும். கையும் குச்சியும் நேரெதிர்ப் பலன் தருவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். குச்சி என்பது ஆசை, சரிவு என்பது பிழை.

ஒரே ஒரு அச்சில் குறி மாறியிருந்தாலும் கோப்டர் தரையை விட்டெழுந்த கால் விநாடிக்குள் கவிழும், அதுவும் நாலு இறக்கைகளையும் சேர்த்து உடைத்துக்கொண்டு. திசையைச் சரிபார்க்கிற இந்தச் சோதனையை நிரலில் எந்த வரியை மாற்றினாலும் மறுபடி செய்யுங்கள்.

பிஐடி, பயமில்லாமல்

முதலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லூப்பை மட்டும் எழுதுங்கள். ரிமோட் கேட்கும் சுழற்சி வேகத்திலிருந்து கைரோ சொல்லும் வேகத்தைக் கழித்தால் பிழை. மட்டமாக நிற்கும் வசதி இதன்மேல் ஏறும் வெளிச்சுற்று: கோணப் பிழையை 4-ஆல் பெருக்கினால் கேட்கவேண்டிய வேகம். 10 டிகிரி சாய்ந்திருந்தால் விநாடிக்கு 40 டிகிரி வேகத்தில் திரும்பி வா என்று பொருள். உள்சுற்று ஒழுங்காக ஓடாமல் வெளிச்சுற்றைச் சேர்த்தால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்று எண்களின் வேலையும் ஆபீஸ் கதவில் மாட்டியிருக்கும் டோர் குளோசரைப் பார்த்தால் விளங்கும். கதவை இழுக்கும் ஸ்பிரிங் ‘பி’. அது மட்டும் இருந்தால் கதவு படாரென்று அடிக்கும். வேகத்தைப் பிடித்து இழுக்கும் எண்ணெய் ‘டி’. எதிர்க்காற்றில் கதவு கடைசி ஓரங்குலம் சாத்தாமல் நின்றுவிட்டால், பொறுத்துப் பொறுத்து அழுத்தம் கூட்டிச் சாத்துவது ‘ஐ’. கடைகளில் விற்கும் குளோசரில் இந்த மூன்றாவது கிடையாது, நம்மிடம் உண்டு.

‘பி’ எண் 1.0, பிழை விநாடிக்கு 50 டிகிரி என்றால் ஒரு பக்கத்துத் துடிப்பு 50 மைக்ரோ விநாடி கூடும், மறுபக்கம் 50 குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எண்கள் வெறும் எண்களாக இருக்காது. மொத்தத் திருத்தம் 400-ஐத் தாண்டாமல் வெட்டுங்கள். ‘டி’யை பிழையின் மாற்றத்திலிருந்து எடுக்காமல் கைரோவின் மாற்றத்திலிருந்து எடுங்கள்; இல்லாவிட்டால் குச்சியைச் சட்டென்று நகர்த்தும்போதெல்லாம் மோட்டார்கள் துள்ளும். ‘ஐ’ தரையில் நிற்கும்போது சேரக் கூடாது. த்ராட்டில் கீழே இருக்கும்வரை அதைப் பூஜ்யத்திலேயே பிடித்துவையுங்கள். சாய்வான தரையில் சும்மா நிற்கும் கோப்டர் அரை நிமிடம் பிழையைச் சேர்த்து வைத்துக்கொண்டு எழும்பியதும் எதிர்ப்பக்கம் பாய்வதற்கு, அப்படிப் பிடித்துவைக்காததுதான் காரணம்.

மற்றவர்களின் நிரலிலிருந்து பிஐடி எண்களை எடுத்துப் போடுவதில் பயன் இல்லை. அவர்கள் ‘டி’யை லூப் நேரத்தால் வகுத்திருக்கலாம், வகுக்காமலும் இருக்கலாம், அதைப் பொறுத்து 18 என்ற எண்ணும் 0.07 என்ற எண்ணும் ஒரே பலனைத் தரும்.

சிக்னல் போனால், சிப் நின்றால்

இந்தப் பகுதியை எழுதாமல் பறக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களில் ஒருவராக ஆகாதீர்கள்.

ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் சில ரிசீவர்கள் மௌனமாகிவிடும். சில, கடைசியாகக் கேட்ட எண்களையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் நிரலுக்கு எல்லாம் நலமாகத் தெரியும். ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைப்பில் த்ராட்டில் 1000-க்கும் கீழே போகும்படி பதிந்துவிட்டு, நிரலில் அந்த எண்ணைக் கண்டால் சிக்னல் போனது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐபஸ் பேசும் ரிசீவரில் 7 மில்லி விநாடிக்கு ஒருமுறை 32 பைட் வரும். கடைசி இரண்டு பைட் சரிபார்ப்பு எண். அது பொருந்தாத தொகுப்பைத் தூக்கி எறியுங்கள். கால் விநாடிக்குமேல் நல்ல தொகுப்பு வராவிட்டாலும் சிக்னல் போனதாகவே கொள்ளுங்கள். சோதிக்க ஒரே வழி: இறக்கை இல்லாமல் மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைப்பது.

இரண்டாவது ஆபத்து ஐ2சி. மோட்டார் வயரின் இரைச்சலில் சென்சாரின் பேச்சு பாதியில் சிக்கி, பதிலுக்காகச் சிப் காத்துக்கொண்டே நின்றுவிடலாம். லூப் நின்றாலும் எஸ்டிஎம்32-இன் டைமர்கள் கடைசித் துடிப்பை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யார் சொல்லையும் கேட்காத ஒரு கிலோ எந்திரம் ஒரே த்ராட்டிலில் போய்க்கொண்டிருக்கும். சிப்பிலேயே உள்ள வாட்ச்டாக் டைமரை இயக்கிவிடுங்கள்: லூப் 50 மில்லி விநாடி வாய் திறக்காவிட்டால் அது சிப்பை ரீசெட் செய்யும். அப்படி ரீசெட் ஆன பிறகு நிரல் மோட்டாரை மறுபடி ஓட்டக் கூடாது. நின்றே இருக்க வேண்டும். விழுந்தால் நஷ்டம் ஃபிரேமோடு போகும், பறந்து போனால் அது யார் தலையில் முடியும் என்று தெரியாது.

மோட்டார் ஓட ஆரம்பிப்பதற்கு ஒரு சடங்கு வையுங்கள்: த்ராட்டில் கீழே, யா குச்சி ஒரு பக்கம், ஒரு விநாடி. பேட்டரி மாட்டியதும் தானாக ஓடும் கோப்டரை யாரும் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. சுமையில் பேட்டரி செல்லுக்கு 3.5 வோல்ட், அதாவது மொத்தம் 10.5 தொட்டால் பஸ்ஸர் அலறட்டும்.

முதல் எழும்பல்

வெளியே பறக்கவிடுவதற்கு முன் ஓர் இடைக்கட்டம். இரண்டு கனமான நாற்காலிகளுக்கு நடுவே ஒரு குழாயைக் கட்டி, கோப்டரை அதில் ஓர் அச்சில் மட்டும் ஆடும்படி மாட்டிய பிறகே இறக்கைகளைப் பொருத்துங்கள். இறக்கை மாட்டியபின் கையில் பிடித்துச் சோதிக்கிற வீடியோக்களைப் பார்த்து அதைச் செய்யாதீர்கள். ‘ஐ’யும் ‘டி’யும் பூஜ்யம், ‘பி’ 0.5-இல் தொடங்கி மெல்ல உயர்த்தினால் ஒரு கட்டத்தில் வேகமாக நடுங்கத் தொடங்கும். அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்குங்கள். ‘டி’யைக் கூட்டுங்கள், தட்டிவிட்டால் ஆடாமல் நிற்கிற அளவு போதும். மோட்டார் தொடுவதற்குச் சுட்டால் ‘டி’ அதிகம், அதிர்வை இறக்கைக்கே திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். கடைசியில் கொஞ்சம் ‘ஐ’. குழாயின் உராய்வும், குழாயிலிருந்து எடைமையம் விலகியிருப்பதும் எண்களைக் கொஞ்சம் ஏமாற்றும். இங்கே கிடைப்பது தொடக்க எண்கள் மட்டுமே.

வெளியே போகும் நாளில் காற்று இல்லாத விடியற்காலையும், ஆள் நடமாட்டமில்லாத புல்தரையும் வேண்டும். நம் கோப்டர் 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி மைக்ரோ வகை. பதிவெண் எடுக்க வேண்டும். வணிகமல்லாத பறப்புக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. இடம் பச்சை மண்டலமா என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். அங்கேயும் 400 அடிதான் எல்லை. இலங்கையிலும் மற்ற நாடுகளிலும் உள்ள வாசகர்கள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து மீட்டர் தள்ளி, கோப்டரின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து நில்லுங்கள். த்ராட்டிலைத் தயங்கித் தயங்கி ஏற்றாதீர்கள். அரை மீட்டருக்குக் கீழே தன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி கோப்டரைக் குலுக்கும். அதைப் பார்த்துப் பிஐடியை மாற்றக் கிளம்புவது வீண். ஒரே மூச்சில் ஒரு மீட்டருக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். வேகமாக நடுங்கினால் ‘பி’யோ ‘டி’யோ அதிகம். மெதுவாகத் தள்ளாடினால் ‘பி’ குறைவு அல்லது ‘ஐ’ அதிகம். மெல்ல ஒரு பக்கம் நகர்வது கோளாறு இல்லை: ஜிபிஎஸ் இல்லாத கோப்டருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, மட்டமாக இருக்கிறோமா என்பது மட்டும்தான் தெரியும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் உயரத்துக்குப் போய்ச் சமாளிக்கப் பார்க்காமல் த்ராட்டிலை முழுதும் இறக்குங்கள். ஒரு மீட்டரிலிருந்து புல்லில் விழுந்தால் ஓர் இறக்கை போகலாம், அவ்வளவுதான்.

இந்தப் பேட்டரிக்கு ஏழெட்டு நிமிடம் பறக்கும். இறங்கியதும் மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள், நட்டுகளை இறுக்குங்கள், வோல்டேஜை அளந்து எழுதுங்கள். பிஐடி எண்களை ஒரு பறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டும் மாற்றி, பழைய எண்ணையும் புது எண்ணையும் தேதியோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸும் உயரம் பிடிப்பதும் அடுத்த அத்தியாயத்தில் வருகின்றன. உங்கள் கோப்டர் கைவிட்ட குச்சியோடு ஒரு முழு பேட்டரி நேரமும் மட்டமாக நிற்காதவரை அந்தப் பக்கங்களைத் திருப்ப வேண்டாம்.